மருத மரத்து வீட்டில் ஒரு நாற்றம்

காட்டு ஏரியின் கரையில் ஒரு பெரிய மருத மரம் நின்றது. அதன் வேர்களுக்கு நடுவே ஒரு நீர்நாய்க் குடும்பம் வசித்தது. கணவன் பெயர் கெண்டையன். மனைவி ஆம்பல். அவர்களுக்கு மூன்று குட்டிகள்.

நல்ல வீடு அது. வாசலில் தண்ணீர், தலைக்கு மேலே நிழல். வேர்கள் சுவர் மாதிரி சுற்றி நின்றன. மீனுக்கும் பஞ்சமில்லை. கெண்டையன் ஒரு முறை முங்கி எழுந்தால் வாயில் விராலோ கெளுத்தியோ துள்ளும். குட்டிகள் வயிறு முட்டத் தின்றுவிட்டு, கோரைப்புல் படுக்கையில் ஒன்றின் மேல் ஒன்று கிடந்து தூங்கும்.

அதே மரத்தின் இன்னொரு வேரடியில் ஒரு சின்னப் பொந்து இருந்தது. அதில் கீச்சி என்ற மூஞ்சூறு தன் குஞ்சுகளோடு குடியிருந்தாள். மூஞ்சூறு என்றால் மேலில் ஒரு வாடை இருக்கத்தான் செய்யும். கீச்சியிடமும் இருந்தது. அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. பூரானோ கரப்பானோ அந்தப் பக்கம் வந்தால் கீச்சி விடமாட்டாள். மீன் தலை மிஞ்சினால் ஆம்பல் அவளைக் கூப்பிட்டுக் கொடுப்பாள்.

இப்படிச் சுகமாகப் போய்க்கொண்டிருந்தபோது ஒரு நாள் காலை ஆம்பல் மூக்கைச் சுளித்துக்கொண்டே எழுந்தாள்.

"இங்கே பாரு, வீட்டுக்குள்ளே ஏதோ நாறுது!"

கெண்டையன் புரண்டு படுத்தான். "மீன் தின்கிற வீட்டில் மீன் வாடை அடிக்காமல் வேறு என்ன அடிக்கும்? பேசாமல் படு!"

"இது மீன் வாடை இல்லை. அழுகல் வாடை!"

ஆம்பல் சும்மா இருக்கவில்லை. பழைய படுக்கையை இழுத்து வெளியே போட்டாள். புதுக் கோரைப்புல் கொண்டுவந்து பரப்பினாள். தரையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். அன்று மாலை வரை கொஞ்சம் தேவலை போலத் தோன்றியது. மறுநாள் விடிந்தபோது நாற்றம் முன்னைவிட நெடியாக ஏறி வந்தது.

அவள் தாழம்பூவைக் கடித்துக்கொண்டு வந்து மூலையில் வைத்தாள். மகிழம்பூவைப் பொறுக்கி வந்து தரையெல்லாம் தூவினாள். பூ வாசமும் அழுகல் நாற்றமும் கலந்து, காட்டில் இதுவரை இல்லாத மூன்றாவது நாற்றம் ஒன்று பிறந்தது! கடைக்குட்டி தின்ற மீனையெல்லாம் வாந்தி எடுத்துவிட்டது.

அப்போது பார்த்து நாரை ஒன்று வாசலில் வந்து நின்றது. ஏரிக்கரையில் எந்த வீட்டில் என்ன நடந்தாலும் அதற்குத் தெரிந்தாக வேண்டும். தலையை உள்ளே நீட்டிய நாரை, உடனே வெளியே இழுத்துக்கொண்டது.

"அம்மாடி! என்ன ஆம்பல், இப்படி வீசுது!"

"அதுதான் எனக்கும் தெரியலை. எங்கிருந்து வருதுன்னு புரியலை."

"இதில் புரிய என்ன இருக்கு? உன் பக்கத்து வீட்டில் யார் இருக்கிறது? மூஞ்சூறு! மூஞ்சூறைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நாற்றம் எங்கே என்று தேடுகிறாயே!"

ஆம்பல் தயங்கினாள். "கீச்சி இங்கே வெகுகாலமா இருக்கிறாளே. இத்தனை நாள் இப்படி வீசலையே?"

இதுவரை மூலையில் பேசாமல் உட்கார்ந்திருந்த கெண்டையன் சட்டென்று வாயைத் திறந்தான். "குஞ்சு பொரிச்சிருக்கா இல்லையா? ஒரு மூஞ்சூறு இருந்த இடத்தில் இப்போ ஒரு கூட்டமே இருக்கு. நாரை சொல்றது சரிதான். அவளாத்தான் இருக்கும்."

சொல்லிவிட்டு அவன் தரையைப் பார்த்தான்.

"குஞ்சு பொரிக்க நாங்கள் என்ன கோழியா?" என்று கேட்க கீச்சி அங்கே இல்லை. ஆம்பலும் கேட்கவில்லை. கடைக்குட்டியின் வாடிய முகம் ஒன்றுதான் அவள் கண்ணில் நின்றது. நேராகக் கீச்சியின் பொந்துக்குப் போனாள்.

"கீச்சி, தப்பா எடுத்துக்காதே. என் வீட்டில் இருக்க முடியலை. குழந்தை வாந்தி எடுக்குது. நீ வேறு இடம் பார்த்துக்கொள்."

கீச்சியின் நீண்ட மூக்கு நடுங்கியது. "என் மேல் வாடை உண்டு அக்கா. இல்லைன்னு சொல்லலை. பிறவியோடு வந்தது. ஆனால் அது நேற்று வந்ததா?"

"எனக்கு அதெல்லாம் தெரியாது. எல்லாரும் உன்னைத்தான் சொல்றாங்க."

"எல்லாரும்னா யாரு?"

ஆம்பல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கீச்சி அதற்கு மேல் வாதாடவில்லை. குஞ்சுகளை எழுப்பினாள். முதல் குஞ்சு தாயின் வாலடியைப் பல்லால் பற்றியது. அடுத்தது அதைப் பற்றியது. அதற்கடுத்தது அதை. கறுப்புக் கயிறு ஒன்று தானே ஊர்ந்து போவது போல அவர்கள் மரத்தடியைவிட்டுப் போனார்கள். தூரத்தில் ஒரு சூரை முட்புதர் இருந்தது. அதற்கு மேலே எப்போதும் பருந்து சுற்றும். அங்கேதான் அவர்களுக்கு இடம் கிடைத்தது.

வேரின் மேல் நின்று கெண்டையன் அதைப் பார்த்துக்கொண்டிருந்தான். அன்று அவன் பிடித்த விரால் அப்படியே கிடந்தது. பசிக்கவில்லை என்று சொல்லிவிட்டான்.

கீச்சி போனாள். நாற்றம் போகவில்லை.

போகாதது மட்டுமல்ல, கூடவே சத்தமும் வந்தது. நடுப்பகலில் குட்டிகள் தூங்கும்போது தரைக்கு அடியில் கரகரவென்று யாரோ பிராண்டினார்கள். ஓடினார்கள். உருண்டார்கள். சிரித்தார்கள்! படுக்கைப் புல் பாதி காணாமல் போயிற்று. வாசலில் வைத்த மீன் எலும்போடு மாயமானது. பெரிய குட்டியின் வால் நுனியை யாரோ ருசி பார்த்திருந்தார்கள்.

ஆம்பல் தரையில் ஓங்கித் தட்டினாள். "யாரது கீழே?"

"நாங்கதான்!" என்றது ஒரு தடித்த குரல். மூலையில் இருந்த ஓட்டை வழியே ஒரு கொழுத்த எலி தலையை நீட்டியது. மீசையில் மண் ஒட்டியிருந்தது. "என் பேரு மண்வாரி. குடும்பத்தோடு குடி வந்திருக்கோம்."

"யாரைக் கேட்டு வந்தீங்க?"

"விருந்து வாசம் அந்தக் கரை வரைக்கும் அடிச்சுது. அதைவிட வெற்றிலை பாக்கு வைத்தா அழைக்கணும்? இத்தனை நாளும் வர ஆசைதான். அந்த மூஞ்சூறு இருந்தாளே! அவள் வாடை எங்களுக்கு ஆகாது. மூக்கு எரியும். இப்போ அவளும் இல்லை. ரொம்ப உபகாரம் பண்ணினீங்க!"

மண்வாரி தலையை உள்ளே இழுத்துக்கொண்டான். கீழே மறுபடியும் சிரிப்புச் சத்தம்.

கெண்டையன் அந்த ஓட்டையைச் சேற்றால் அடைத்தான். எலிகள் பக்கத்திலேயே வேறு ஓட்டை போட்டன. அதையும் அடைத்தான். சுவரோரம் ஒன்று திறந்தது. அவனுக்குக் கோபம் தலைக்கேறியது. ஏரியிலிருந்து வாய் வாயாகத் தண்ணீர் கொண்டுவந்து ஓட்டைகளில் ஊற்றினான். எலிகள் மேட்டுப் பக்கம் ஏறிக்கொண்டன. தண்ணீரையெல்லாம் வீட்டுத் தரைதான் குடித்தது. கால் வைத்தால் தரை பொதபொதவென்று அமுங்கியது.

நாரை மறுபடியும் வந்தது. "எலியா? ஒரு பாம்பைக் கூட்டி வந்து விட்டால் போச்சு!" என்றது.

"பாம்பு வந்தால் எலியோடு நிறுத்திக்குமா? என் குட்டிகளை என்ன செய்யும்?"

"அதை நீதான் யோசிக்கணும்!" என்று சொல்லிவிட்டு நாரை பறந்துவிட்டது.

ஆம்பல் வாசலில் வந்து உட்கார்ந்தாள். மண்வாரி சொன்னது அவள் மனதைவிட்டுப் போகவில்லை. விருந்து என்றானே, என்ன விருந்து? கீச்சி போன பிறகும் நாற்றம் இருக்கிறதே, அப்படியானால் அது யாருடையது?

"எனக்கென்று ஒரு மூக்கு இருக்கிறது. அதை விட்டுவிட்டு நாரையின் அலகை நம்பிப் போனேனே!" என்று தன்னையே நொந்துகொண்டாள்.

முதலில் அவள் கீச்சியின் காலிப் பொந்துக்குப் போனாள். தலையை உள்ளே விட்டு நன்றாக முகர்ந்தாள். உலர்ந்த சருகு வாசம் வந்தது. அதோடு மூஞ்சூறின் வாடை, லேசாக, காரமாக. அவ்வளவுதான். வீட்டுக்குள் அடிக்கும் நாற்றம் அங்கே மருந்துக்கும் இல்லை.

ஆம்பலுக்கு முகம் சுட்டது. போன்னு சொல்வதற்கு முன்னால் இந்தப் பொந்தில் ஒரு முறை தலையை விட்டுப் பார்த்திருக்கலாமே!

அவள் மூக்கைத் தரையோடு வைத்து மரத்தைச் சுற்றத் தொடங்கினாள். தண்ணீர்ப் பக்கம் ஈர மண் வாசம் மட்டுமே. நிழல் பக்கம் நாற்றம் நூல் போல வந்தது. இரண்டடி தள்ளினால் அறுந்தது. திரும்பி வந்து அந்த நூலைப் பிடித்தாள். பாசி படிந்த ஒரு தடித்த வேரை ஏறிக் கடந்தாள். அங்கே நூல் கயிறாகத் தடித்தது. வேருக்குப் பின்னால் ஈக்கள் மொய்த்துக்கொண்டிருந்தன. அவை மொய்த்த இடத்தில் ஒரு தட்டைக் கல் சாத்தியிருந்தது. கல் தானாக வந்து சாய்ந்த மாதிரி இல்லை. யாரோ தள்ளி வைத்த மாதிரி இருந்தது.

அவள் கல்லில் கை வைத்தாள்.

"வேண்டாம் ஆம்பல்! அதைத் தொடாதே!"

கெண்டையன் மூச்சிரைக்க ஓடிவந்தான்.

ஆம்பல் அவனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் கண்ணைத் தாழ்த்திக்கொண்டான். அவள் ஒன்றும் கேட்காமல் கல்லைப் புரட்டித் தள்ளினாள்.

உள்ளே ஒரு பள்ளம் வீட்டுக்கு அடிவரை போயிற்று. அது நிறைய மீன்! விரால், கெளுத்தி, கெண்டை, குரவை, எல்லாம் குவியலாக அழுகி, கூழாகி, புழு நெளிந்துகொண்டிருந்தது. மேலாக எலிப் பல் பட்ட தடம்.

"இது யார் வைத்தது?"

"நான்தான்," என்றான் கெண்டையன். "போன கோடையில் ஏரி வற்றினதே, ஞாபகம் இருக்கா? கடைக்குட்டி அப்போ பிறந்த குட்டி. உனக்குப் பால் வற்றிப்போச்சு. அது கத்திக்கொண்டே இருந்தது. நான் சேற்றைக் கிளறிக் கிளறி ஒரு நண்டுகூடக் கிடைக்காமல் வெறும் கையோடு வந்தேன். இன்னொரு தடவை அப்படி வரக்கூடாதுன்னு கொஞ்சம் கொஞ்சமா ஒளிச்சு வைச்சேன்."

"மீன் அழுகும்னு உனக்குத் தெரியாதா?"

"மண்ணுக்கு அடியில் குளிர்ச்சியா இருக்கும், தாங்கும்னு நினைச்சேன். நீ நாறுதுன்னு சொன்ன அன்றைக்கே புரிஞ்சுபோச்சு. வெட்கமா இருந்தது. நீ பார்க்காத நேரத்தில் அள்ளிப் போட்டுவிடலாம்னு இருந்தேன். அதற்குள் நாரை கீச்சி பேரைச் சொல்லிச்சு. எனக்கு… அப்பாடான்னு இருந்தது. அப்புறம் அள்ளினால் உனக்குத் தெரிஞ்சுவிடும்னு கல்லைத் தொடவே பயந்தேன்."

"அவள் குஞ்சுகளோடு போனதைப் பார்த்துக்கொண்டுதானே நின்றாய்?"

"பார்த்தேன்."

ஆம்பல் கத்தவில்லை. கத்தியிருந்தால் கெண்டையனுக்கு அது சுலபமாக இருந்திருக்கும்.

அந்த நேரத்தில்தான் வீட்டுக்குள்ளிருந்து பொத்தென்று ஒரு சத்தம் கேட்டது. குட்டிகள் அலறின. இருவரும் ஓடினார்கள். எலிகள் குடைந்து குடைந்து, தண்ணீர் ஊறி ஊறி, வீட்டின் நடுத்தரை அப்படியே உள்வாங்கியிருந்தது. இரண்டு குட்டிகள் வேரைக் கட்டிக்கொண்டு தொங்கின.

கடைக்குட்டியைக் காணோம்.

"அம்மா!" என்று எங்கோ அடியிலிருந்து ஒரு குரல் வந்தது. எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. கீழே எலி வளைகள் ஒன்றுக்குள் ஒன்றாகப் பின்னிக் கிடந்தன. கெண்டையன் ஒரு வளையில் தலையை விட்டான். தோளுக்கு மேல் நுழையவில்லை. கண்டபடி தோண்டினான். பக்கத்து மண் சரிந்தது.

"நிறுத்து!" என்றாள் ஆம்பல். "எங்கே இருக்கிறான்னு தெரியாமல் தோண்டினால் அவன் மேலேயே மண் விழும்! வளைக்குள் நுழைந்து பார்க்கிற உடம்பு நமக்கு இல்லை."

"அப்போ யாருக்கு இருக்கு?" என்று கேட்ட கெண்டையனுக்கு, கேட்டு முடிப்பதற்குள் பதில் தெரிந்துவிட்டது. அவன் சூரைப் புதரை நோக்கி ஓடினான். முள் முகத்தைக் கீறியது. அவன் நிற்கவில்லை.

"கீச்சி! உன் மேல் வீண் பழி விழுந்தது. நாற்றம் என்னுடையது. நான் ஒளித்து வைத்த மீன் அழுகினது. தெரிந்தே வாயை மூடிக்கொண்டிருந்தேன். உன் முகத்தைப் பார்க்க எனக்கு யோக்கியதை இல்லை. ஆனால் என் குட்டி எலி வளைக்குள் மாட்டிக்கொண்டான்!"

கீச்சி குஞ்சுகளை ஒரு முறை பார்த்தாள். புதருக்கு மேலே பருந்து வட்டமிட்டது.

"உன்னிடம் பேச எனக்கு நிறைய இருக்கு அண்ணே. அதை அப்புறம் பேசிக்கொள்கிறேன். குழந்தை என்ன பாவம் பண்ணிச்சு? நட!" என்றாள். "என் குஞ்சுகளையும் உன் முதுகில் ஏற்றிக்கொள். அவர்களை இங்கே விட்டுவிட்டு வரமாட்டேன்."

கீச்சி வளைக்குள் நுழைந்ததும் உள்ளே ஒரே அமளி!

"மூஞ்சூறு! மூஞ்சூறு!"

"ஐயோ, மூக்கு எரியுதே!"

"தள்ளு! தள்ளு! எனக்கு வழிவிடு!"

எலிகள் ஒன்றை ஒன்று மிதித்துக்கொண்டு மேட்டுப் பக்கமாக வெளியே பாய்ந்தன. கீழே அமைதி ஆயிற்று. ஆம்பல் மூச்சைப் பிடித்துக்கொண்டு காதைத் தரையில் வைத்தாள்.

"அக்கா!" என்று கீச்சியின் குரல் கேட்டது. "இருக்கான்! பயந்து போயிருக்கான், அடி ஒன்றும் இல்லை. என் சத்தம் கேட்கிற இடத்துக்கு நேரே வாங்க. மேலேயிருந்து தோண்டாதீங்க. பக்கவாட்டில், இரட்டை வேருக்கு நடுவில் தோண்டுங்க!"

அவள் கீச் கீச் என்று கத்திக்கொண்டே இருந்தாள். கெண்டையனும் ஆம்பலும் அந்தச் சத்தம் வந்த பக்கமாகத் தோண்டினார்கள். மண் கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. பிறகு ஒரு சின்னக் கால் தெரிந்தது. ஆம்பல் அதைப் பற்றி மெல்ல இழுத்தாள். சேறு பூசிய கொழுக்கட்டை மாதிரி கடைக்குட்டி வெளியே வந்து, பலமாக ஒரு தும்மல் போட்டது. பின்னாலேயே கீச்சி வந்தாள்.

ஆம்பல் குட்டியை நக்கினாள். அப்படியே கீச்சியையும் நக்கிவிட்டாள்! "உன்னைப் போன்னு சொன்ன வாய் இது. எனக்கு வேறு என்ன சொல்லணும்னு தெரியலை," என்றாள்.

"நான் தின்கிற மாதிரி ஏதாவது இருக்குன்னு சொல்லுங்க. ரொம்ப நாளா வயிறு காலி," என்றாள் கீச்சி.

அன்றே வேலை தொடங்கியது. அழுகிய மீனையெல்லாம் கெண்டையன் தேக்கிலையில் வாரினான். காட்டின் அந்தக் கோடிக்குக் கொண்டுபோய்க் குழி தோண்டிப் புதைத்தான். எத்தனை நடை போனானோ! மூக்கைப் பொத்திக்கொள்ள அவனுக்குக் கை மிஞ்சவில்லை. பள்ளத்தைக் கழுவி, வெயில் பட விட்டு, கல்லும் களிமண்ணும் போட்டு இறுக்கினார்கள்.

மண்வாரி மேட்டில் உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்ன அநியாயம் இது! சோறு இல்லாத வீட்டில் யாராவது குடியிருப்பார்களா?" என்று சண்டைக்கு வந்தான்.

"யாரும் உங்களைக் குடியிருக்கச் சொல்லலையே!" என்றாள் ஆம்பல்.

"மரியாதை தெரியாத வீடு! வாங்கடா, போகலாம்!" என்று முறைத்துவிட்டு அவன் தன் கூட்டத்தோடு கிளம்பினான். அடைத்தபோது போகாதவர்கள், தண்ணீர் ஊற்றியபோது போகாதவர்கள், தின்ன ஒன்றும் இல்லை என்றதும் தாங்களாகவே போய்விட்டார்கள்.

கீச்சி திரும்பி வர ஒரு நிபந்தனை போட்டாள். "என்னைப் பற்றிப் பேச்சு ஏரி முழுக்கப் போயிருக்கு. என் குஞ்சுகளைப் பார்த்தால் எல்லாரும் மூக்கைப் பிடிக்கிறாங்க. நாற்றம் யாருடையதுன்னு அண்ணன் எல்லார் முன்னாலும் சொல்லணும்."

மறுநாள் காலை ஏரியில் தண்ணீர் குடிக்க மான்கள் வந்தன, முயல்கள் வந்தன, கொக்கும் நாரையும் வந்து இறங்கின. கெண்டையன் ஒரு பாறை மேல் ஏறினான். ஒன்றையும் விடாமல் சொன்னான். மீனை ஒளித்ததைச் சொன்னான். வாயை மூடிக்கொண்டதைச் சொன்னான். பழி கீச்சி மேல் விழுந்தபோது தனக்கு நிம்மதியாக இருந்ததையும் சொன்னான்.



"நான் அப்பவே நினைச்சேன்!" என்றது நாரை.

எல்லாரும் நாரையைத் திரும்பிப் பார்த்தார்கள். நாரை அவசர அவசரமாகத் தண்ணீருக்குள் மீன் தேடத் தொடங்கியது.

அன்று மாலை ஆம்பல் கணவனிடம் கேட்டாள். "கோடை வந்தால் என்ன செய்வதுன்னு என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா? மலைப்பக்கத்து ஆற்றில் வற்றாத மடு ஒன்று இருக்கு. என் அம்மா வீடு அங்கேதான். ஏரி வற்றினால் குட்டிகளோடு அங்கே போய்விட்டு மழைக்குத் திரும்பலாம்."

"எனக்கு அது தோணவே இல்லை," என்றான் கெண்டையன்.

"ஒளித்து வைத்தால் எப்படித் தோணும்?"

அவன் சிரித்தான். வெகு நாட்களுக்குப் பிறகு அவனுக்கு நன்றாகப் பசித்தது. ஏரியில் பாய்ந்து ஒரு கொழுத்த விராலோடு வந்தான். பெரிய துண்டு கீச்சி வீட்டுக்குப் போயிற்று. வேர்களுக்கு நடுவே ஈர மண்ணும் கோரைப்புல்லும் மணத்தன. நீர்நாய்க் குட்டிகளும் மூஞ்சூறுக் குஞ்சுகளும் வாசலில் உருண்டு புரண்டு விளையாடின.

நம் வீட்டில் நாற்றம் எழுந்தால் அடுத்த வீட்டைக் கைகாட்டாமல் நம் காலடியைத் தோண்டிப் பார்க்க வேண்டும், ஏனென்றால் மறைத்து வைத்த தவறு அடியில் அழுகி வீட்டையே சரித்துவிடும்.